பழுதா, செட்டிங்கா, தலைக்குப் பொருந்தவில்லையா? விலை கூடிய ஒயர்லெஸ் ஹெட்போனை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் வழி

25,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஹெட்போன் முதல் வாரத்திலேயே ஏமாற்றினால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அலுவலகத்திலும் சொந்தத்திலும் "இது சரியில்லை, கொஞ்சம் பாரேன்" என்று என் கைக்கு வந்தவற்றில் உண்மையாகவே பழுதானவை குறைவு. பெரும்பாலும் ஏதோ ஒரு செட்டிங் மாறியிருக்கும், இல்லாவிட்டால் காதைச் சுற்றி எங்கோ இடைவெளி விழுந்திருக்கும். மூன்றாவது ஒரு வகை இருக்கிறது, அதுதான் வில்லங்கம். ஹெட்போனும் நன்றாக இருக்கும், செட்டிங்கும் சரியாக இருக்கும், அந்தத் தலைக்கு அது சேராது. அதற்கு ரிப்பேர் கிடையாது, திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பணம் தப்பும்.

சோனி எக்ஸ்எம் வரிசை, போஸ் க்யூசி வரிசை, சென்ஹைசர் மொமென்டம் 4, ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் போல காதை முழுதாக மூடும் ஒயர்லெஸ் ஹெட்போன்களை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் அறிகுறிக்குரிய பகுதியை மட்டும் படித்தால் போதும். எதிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

## பேஸ் இல்லை, பாட்டு சப்பென்று இருக்கிறது

நன்றாகப் பதிவான ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். சோதிக்க இதைவிட வசதியான ஒலி எனக்குத் தெரியாது. தொப்பியில் (இடப்பக்கம்) எழும் கும்கி என்ற ஆழமான நாதம் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, காட்டிக்கொடுக்கும்; வலந்தலையில் (வலப்பக்கம்) விழும் சாபு என்ற கூர்மையான அடி மேல்பக்கத்து ஒலியைக் காட்டிக்கொடுக்கும். ஒரே வாத்தியத்தில் இரண்டும் கிடைக்கிறது.

அது ஓடும்போதே இரண்டு கப்பையும் காதோடு சேர்த்து மெல்ல அழுத்துங்கள். சோனியில் வலது கப்பின் வெளிப்பரப்பு முழுக்கத் தொட்டால் வேலை செய்யும் பகுதி; உள்ளங்கையால் மூடினால் பாட்டின் சத்தம் தானாகக் குறைந்துவிடும். விளிம்பைப் பிடித்து அழுத்த வேண்டும்.

### அழுத்தினால் கும்கி வருகிறது

குஷன் தோலோடு ஒட்டவில்லை, காற்று கசிகிறது. பேஸ்தான் முதலில் கசிந்து போகும்.

மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்புதான் முதல் சந்தேகம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை கேட்டால் தெரிந்துவிடும். அடுத்தது காதோரத் தலைமுடி. அதை ஒதுக்கிவிட்டு மாட்டுங்கள். ஜிமிக்கி, பெரிய தோடு, அதன் திருகாணி எல்லாம் குஷனைத் தூக்கிப் பிடிக்கும். பின்னலும் கொண்டையும் ஹெட்பேண்டைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளி, கப்பின் கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிடும். ஹெட்பேண்டை ஒரு பல் இறக்கியோ ஏற்றியோ பாருங்கள். பலர் இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்காமல் கோணலாகவே மாதக்கணக்கில் போட்டிருப்பார்கள்.

இவ்வளவு செய்தும் கையால் அழுத்தினால்தான் பேஸ் வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது என்றால், புதிய ஹெட்போனில் அது பொருத்தமின்மை. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸை ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பேஸ் கசியும் அதே இடைவெளி வழியாக வெளிச்சத்தம் உள்ளே வரும், வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்கும் பாதியாகிவிடும். பழைய ஹெட்போனாக இருந்தால் குஷன் தேய்ந்திருக்கும், அதைக் கீழே பார்க்கலாம்.

### அழுத்தியும் மாற்றமில்லை

இனி செட்டிங்ஸ். ஹெட்போனின் ஆப்பில் ஈக்வலைசரை அணையுங்கள். பிறகு போனிலேயே தனியாக ஒன்று ஓடுகிறதா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் டால்பி அட்மாஸ் மாதிரி ஒன்று ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். ஆப்பில் ஒரு ஈக்வலைசர், போனில் ஒன்று, பாட்டு ஆப்பில் ஒன்று என மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்த போன்கள் உண்டு.

அடுத்து பாட்டு ஆப். டேட்டா சேமிக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் எந்த ஹெட்போனிலும் நல்ல ஒலி வராது.

கோடெக், அதாவது ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, அதற்கும் பிறகுதான். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதில் செய்ய எதுவுமில்லை. ஐபோனில் எல்டிஏசி கிடையாது, ஆப்ட்எக்ஸும் கிடையாது, ஏஏசிதான். அதில் எல்டிஏசி பாடும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் சோனி ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டால் எல்டிஏசி ஆன் ஆகியிருக்கிறதா என்று தெரியும். நொடிக்கு 330, 660, 990 கிலோபிட் என மூன்று நிலைகள் அதில் உண்டு. 990ல் போட்டால் மட்டும் செத்த பேஸ் பிழைத்துவிடாது. ஏஏசியிலேயே சப்பென்று இருக்கிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

கடைசியாக ஒயர் போட்டுக் கேளுங்கள். சோனி எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5 இரண்டிலும் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஒயர் போகும். போஸ் க்யூசி45ல் ஹெட்போன் பக்கத்துத் துளை 2.5 மில்லிமீட்டர், ஆகவே பெட்டியில் வந்த ஒயர்தான் வேண்டும். ஒயரில் நன்றாக இருந்து ப்ளூடூத்தில் மட்டும் மோசம் என்றால் செட்டிங்கைத் திரும்பப் பாருங்கள். இரண்டிலும் உடைந்தோ கரகரவென்றோ வந்தால் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவரில் குறை. இதில் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

### சத்தமே போதவில்லை

ஐபோனில் ஒலி செட்டிங்ஸுக்குள் ஹெட்போன் பாதுகாப்பு என்ற பகுதியில் உரத்த ஒலியைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது, அதைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் "அப்சல்யூட் வால்யூம்" என்ற ஒன்று உண்டு. அதை மாற்றிவிட்டு ஹெட்போனைத் திரும்ப இணைத்தால் பல நேரம் சரியாகும். ஸ்பாட்டிஃபையில் ஒலியளவைச் சமன்படுத்தும் வசதி "அமைதி" நிலையில் இருந்தாலும் இதே குறைதான் வரும்.

## மீட்டிங் தொடங்கியதும் பாட்டு பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. ஹெட்போனைத் திருப்பி அனுப்பவும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் எந்த விலையில் வாங்கினாலும் சாதாரண ப்ளூடூத்தில் இது இப்படித்தான். மைக் திறந்த நொடியில் ஹெட்போன் பாட்டுப் பாதையை விட்டுவிட்டு அழைப்புப் பாதைக்கு மாறுகிறது. அது ஒற்றை ஒலி. பாட்டுக்கு வழக்கமாக ஒலியை நொடிக்கு 44,100 முறை (44.1 கிலோஹெர்ட்ஸ்) அளந்து பதிவார்கள், இங்கே 16,000, சில கணினிகளில் 8,000 முறை மட்டும்தான். புதிதாக வரும் எல்இ ஆடியோ என்ற ப்ளூடூத் முறை இதை ஓரளவு மாற்றுகிறது, ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

### லேப்டாப்பில்

ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எதுவானாலும் அதன் ஆடியோ செட்டிங்கைத் திறந்து, மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போன் இருக்கட்டும். அவ்வளவுதான். மைக் ஹெட்போனில் திறக்காததால் பாட்டுப் பாதை அப்படியே இருக்கும், நீங்கள் பேசுவதும் பல நேரம் முன்பைவிடத் தெளிவாகப் போகும்.

விண்டோஸ் 10ல் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரியும். ஒன்றில் "ஸ்டீரியோ" என்றும் இன்னொன்றில் "ஹேண்ட்ஸ்-ஃப்ரீ" என்றும் இருக்கும். ஸ்பீக்கராக ஸ்டீரியோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதுவாகவே மாறிக்கொள்கிறது என்றால், பழைய கண்ட்ரோல் பேனலில் "டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்" போய், ஹெட்போனின் ப்ராப்பர்ட்டீஸில் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ சேவையின் டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு அந்த லேப்டாப்பில் ஹெட்போன் மைக் வேலை செய்யாது. அது தேவைப்படாதவர்கள் மட்டும் செய்யலாம்.

மேக்கில் ஒலி செட்டிங்ஸில் "இன்புட்" என்ற இடத்தில் மேக்கின் மைக்கை வைத்தால் போதும்.

மீட்டிங் எதுவும் இல்லாதபோதும் ஒலி இப்படி இருந்தால், பின்னால் ஏதோ ஒரு ஆப் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது. மீட்டிங் ஆப்பை மூடினோம் என்று நினைப்போம், அது கீழே மூலையில் ஒளிந்திருக்கும். பிரவுசரில் திறந்து கிடக்கும் பழைய மீட்டிங் டேபும் இதைச் செய்யும்.

### எதிரில் இருப்பவருக்கு நம் குரல் சரியாகக் கேட்கவில்லை

மின்விசிறிக் காற்று நேராகக் கப்பின் மீது அடிக்கிறதா என்று பாருங்கள். கப்பின் வெளியே இருக்கும் சின்னத் துளைகள்தான் மைக், காற்று அங்கே பட்டால் உங்கள் குரல் கரைந்துவிடும். துளையில் அழுக்கு இருந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், ஊசி வேண்டாம். ஒயர் போட்டால் மைக் நன்றாக இருக்கும் என்று எண்ணி ஏமாறுபவர்களும் உண்டு. எக்ஸ்எம்4ன் பெட்டியில் வரும் ஒயரில் மைக்கே கிடையாது.

அமைதியான அறையில் போனின் ரெக்கார்டரில் பேசிப் பார்த்தும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால், ரிட்டர்ன் நாளுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

## பாட்டு தானாக நிற்கிறது, தானாக ஓடுகிறது

பேய் ஒன்றுமில்லை, பெரும்பாலும் வசதி என்று வைத்த ஏதோ ஒன்றுதான்.

பேசும்போது, இருமும்போது, கூடவே பாடும்போது நின்றால்: சோனியின் "ஸ்பீக்-டு-சாட்" ஆன் ஆகியிருக்கிறது. வலது கப்பில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் அது மாறும். ஹெட்போனைக் கழற்றி மாட்டும்போது தெரியாமல் ஆன் ஆவது இப்படித்தான். மறுபடி அதேபோல் அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆப்பில் அணையுங்கள். பாட்டோடு முணுமுணுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வசதி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தலையைத் திருப்பும்போது, சாயும்போது நின்றால்: ஹெட்போன் தலையில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் கப்பின் உள்ளே இருக்கிறது. முடியோ எண்ணெய்ப் பிசுக்கோ மறைத்தால் அது குழம்பும். உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். வேறு கம்பெனிக் குஷன் போட்ட பிறகு தொடங்கியது என்றால், குஷனின் உள்துணி சென்சாரை மூடிவிட்டது. துடைத்தும் நிற்காவிட்டால் ஆப்பில் சென்சாரை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

லேப்டாப்பில் ஒரு அறிவிப்பு வந்ததும் போனின் பாட்டு நின்றால்: ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருக்கிறது. லேப்டாப்பில் அறிவிப்பு ஒலியை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஆப்பில் இரண்டு கருவி இணைப்பையே அணையுங்கள். எக்ஸ்எம்4ல் இந்த இணைப்பு ஆன் ஆகியிருந்தால் எல்டிஏசி வேலை செய்யாது. நேற்று வரை இருந்த எல்டிஏசி இன்று காணவில்லை என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## விட்டு விட்டு வருகிறது

போனை பேன்ட் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சரியாகிவிட்டால் உங்கள் உடம்புதான் சிக்னலை மறைத்தது.

ஒரே இடத்தில் மட்டும் வெட்டுகிறது என்றால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டும் ப்ளூடூத்தோடு ஒரே அலைவரிசையில் அடித்துக்கொள்ளும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் மட்டும் வெட்டினால் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கையோ ஹப்பையோ பிடுங்கிவிட்டுப் பாருங்கள். அவற்றின் இரைச்சலும் இதே அலைவரிசையில்தான் விழுகிறது. ப்ளூடூத் டாங்கிளை அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தால் இன்னும் மோசம்.

கூட்டமான ரயில் நிலையத்தில் மட்டும் வெட்டினால் எல்டிஏசியை 990லிருந்து இறக்குங்கள், அல்லது ஆப்பில் நிலையான இணைப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். வேறு ஒரு போனோடு, திறந்த இடத்தில், கைக்கெட்டும் தூரத்திலும் வெட்டினால்தான் ஹெட்போனில் குறை.

## நாய்ஸ் கேன்சலிங் வேலை செய்யவில்லை

### சில சத்தம் மட்டும் கேட்கிறது

ஏசி, விமான எஞ்சின், பஸ்ஸின் உறுமல் போன்ற தொடர்ந்து வரும் தாழ்ந்த இரைச்சலைத்தான் இது நன்றாக அடக்கும். குக்கர் விசில், ஹாரன், பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சு எல்லாம் குறையும், மறையாது. எல்லாமே மறையும் என்று எதிர்பார்த்து வாங்கினால் எந்த மாடலும் ஏமாற்றும்.

சோதிப்பது எளிது. ஏசி ஓடும் அறையில் உட்கார்ந்து ஆன், ஆஃப் மாற்றிப் பாருங்கள். தெளிவான வித்தியாசம் இருந்தால் வேலை செய்கிறது. வித்தியாசமே இல்லை என்றால் காற்றுக் கசிவை முதலில் பாருங்கள், பிறகு ஆப்பில் வெளி ஒலியை உள்ளே விடும் நிலை ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

### ஆன் செய்தால் ஊளையிடுகிறது, படபடக்கிறது

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தால் படபடப்பு காற்றால்தான், நகர்ந்து உட்காருங்கள். சத்தத்தைக் குறைக்க வாங்கியது மின்விசிறிக்கடியில் சத்தத்தைக் கூட்டுவது நம் ஊர் வீடுகளில் சகஜம்.

கீச்சென்ற ஊளை வேறு. குஷன் கிழிந்திருக்கலாம், சரியாக மாட்டாமல் இருக்கலாம், வியர்வை மைக்குக்குள் போயிருக்கலாம். அணைத்துவிட்டு, சார்ஜரில் போடாமல், காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பாருங்கள். ஹேர் டிரையர் காட்ட வேண்டாம். அதற்குப் பிறகும் ஒரே பக்கத்தில் ஊளை வந்தால் அந்தப் பக்கத்து மைக் போயிருக்கிறது. சர்வீஸ் சென்டர்தான்.

### காதை அடைக்கிற மாதிரி, தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது

சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆப்பில் அளவைக் குறைத்து, அரைமணி அரைமணியாகப் பழகிப் பாருங்கள். நாலைந்து நாளில் பழகாவிட்டால் அந்த மாடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனியைப் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் ரீங்காரமோ வலியோ இருந்தால் ஹெட்போனை விட்டுவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

## வலிக்கிறது, சூடாகிறது

ஒலியை ஈக்வலைசரில் கொஞ்சம் திருத்தலாம். வலியைத் திருத்த எந்த ஆப்பிலும் இடமில்லை. அதனால் புதிதாக வாங்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது சௌகரியம். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். வீட்டில், உங்கள் கண்ணாடி, தோடு, வழக்கமான தலைவாரலோடு, இரண்டு மணி நேரம் தொடர்ந்து மாட்டியிருங்கள். பாட்டு வேண்டாம், பாட்டு கவனத்தைத் திருப்பிவிடும். பிறகு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்.

உச்சந்தலையில் ஒரே புள்ளியில்: எடையும் ஹெட்பேண்டும். எக்ஸ்எம்5 250 கிராம், எக்ஸ்எம்4 254, மொமென்டம் 4 293, ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385. மேக்ஸின் வலைப்பட்டை அந்த எடையைப் பரப்பிவிடுவதால் சிலருக்கு அது தெரியாது, சிலருக்குக் கழுத்தில் தெரியும். கப்பை ஒரு பல் கீழே இழுத்து, ஹெட்பேண்டை அரை அங்குலம் முன்னாலோ பின்னாலோ நகர்த்துங்கள். அப்படியும் அதே புள்ளியில் வலித்தால் திருப்பிக் கொடுங்கள். பழகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். உச்சந்தலை வலி பழகியதாக என்னிடம் வந்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

காதுக்குப் பின்னால், கண்ணாடிக் காம்பின் கீழே: இறுக்கம். இது கொஞ்சம் தளரக்கூடியது. மெல்லிய காம்புள்ள கண்ணாடி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். உங்கள் தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின் மேல் ஒரு இரவு மாட்டி வைக்கும் பழைய வழி இருக்கிறது. உள்ளே உலோகப் பட்டை உள்ள ஹெட்பேண்டுக்கு மட்டும், அதுவும் மெதுவாக. ரிட்டர்ன் நாள் பாக்கி இருக்கும்போது செய்யாதீர்கள். கீல் விரிந்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காது மடலின் நுனியில்: காது உள்ளே டிரைவர் துணியில் உரசுகிறது. கப் ஆழம் போதவில்லை. தடித்த குஷன் போட்டால் வலி போகும், ஆனால் ஒலியும் மாறும். புதிதாக வாங்கியதற்குத் திருப்பிக் கொடுப்பதே மேல்.

காதைச் சுற்றி வியர்வை: சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் எந்த செயற்கைத் தோல் குஷனும் வியர்க்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைப்பதைத் தவிர வழியில்லை. துணி குஷன் குளுமையாக இருக்கும், நாய்ஸ் கேன்சலிங் குறையும். ஜிம்முக்கு இவற்றைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5, க்யூசி45, மேக்ஸ் எதற்கும் நீர் காப்புத் தரக்குறியீடு கிடையாது. மேக்ஸின் உலோகக் கப்புக்குள் ஈரம் கோர்ப்பதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதன் குஷன் காந்தத்தில் ஒட்டியிருப்பதால் கழற்றித் துடைப்பது சுலபம்.

## குஷன் உரிந்து கறுப்புத் தூள் காதில் ஒட்டுகிறது

பழுது இல்லை, தேய்மானம். சூடு, ஈரப்பதம், வியர்வை மூன்றும் சேர்ந்து செயற்கைத் தோலை அரிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு மாட்டினால் இன்னும் சீக்கிரம். ஈரத்தைப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். சானிடைசரும் ஸ்பிரிட்டும் வேண்டவே வேண்டாம்.

உரிய ஆரம்பித்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கம்பெனிக் குஷன் விலை அதிகம், ஆனால் ஒலி மாறாது. ஆன்லைனில் வரும் மலிவான குஷன்களில் தடிமனும் துணியும் வேறாக இருக்கும். அதைப் போட்ட பிறகு பேஸ் மாறியது, நாய்ஸ் கேன்சலிங் குறைந்தது, பாட்டு தானாக நிற்கிறது என்று மூன்று புகார் ஒன்றாக வந்தால், பழைய குஷனைத் திரும்ப மாட்டிப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

## சார்ஜ் ஏறவில்லை, ஏறினாலும் நிற்கவில்லை

பெட்டியில் வந்த ஒயர், சாதாரண 5 வோல்ட் சார்ஜர். இந்த இரண்டோடு முதலில் முயலுங்கள். துளைக்குள் பஞ்சு சேர்ந்திருந்தால் அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள்.

அப்புறம் சூடு. சோனி தன் ஹெட்போன்களை 15 முதல் 35 டிகிரிக்குள் சார்ஜ் செய்யச் சொல்கிறது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். ஏசி அறையிலோ ராத்திரியிலோ போட்டுப் பாருங்கள்.

"சார்ஜரில் போட்டதும் அணைந்துவிடுகிறது" என்பது எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5 இரண்டிலும் பழுது இல்லை, அதன் இயல்பு. சார்ஜ் ஏறும்போது ஆன் ஆகாது. "அணைக்கவே முடியவில்லை" என்று மேக்ஸ் பற்றி வரும் புகாரும் அப்படியே. அதில் அணைக்கும் பொத்தானே கிடையாது, கழற்றி வைத்தால் தானாகத் தூங்கும்.

நாய்ஸ் கேன்சலிங்கோடு மேக்ஸ் 20 மணி, க்யூசி45 24 மணி, எக்ஸ்எம்4 மற்றும் எக்ஸ்எம்5 30 மணி, மொமென்டம் 4 60 மணி என்பது கம்பெனிக் கணக்கு. சத்தம் அதிகம் வைத்தால் குறையும். புதியது பாதிகூட ஓடவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள். இரண்டு மூன்று வருடம் ஆனது பாதி ஓடினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

கப் உப்பியிருந்தால், விளிம்பு விரிந்திருந்தால், இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தால் உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. திறக்காதீர்கள், இன்னொரு முறை சார்ஜும் போடாதீர்கள்.

## ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

போனின் அணுகல்தன்மை செட்டிங்ஸில் இடது வலது சமன் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறு போன், பிறகு ஒயர். ஒயரிலும் ஒரு பக்கம் செத்திருந்தால் ஹெட்பேண்டை மெல்ல விரித்தும் கப்பைச் சுழற்றியும் பாருங்கள். ஒலி வந்து வந்து போனால் கீலுக்குள் ஒயர் அறுந்திருக்கிறது. வாரண்டியில் இருந்தால் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

## படத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்

யூடியூப் மாதிரி ஆப்கள் இந்தத் தாமதத்தைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். விளையாட்டுகள் செய்யாது. எல்டிஏசியை அணைத்துப் பாருங்கள். போதாவிட்டால் ஒயர்தான், மற்றதெல்லாம் நேர விரயம்.

## எல்லாம் செய்தும் தீரவில்லை

ஆப்பில் ஹெட்போனின் அப்டேட் இருந்தால் போடுங்கள். போனிலும் லேப்டாப்பிலும் ஹெட்போன் பெயரை நீக்கிவிட்டு, ஹெட்போனை ஆலை நிலைக்கு (ஃபேக்டரி ரீசெட்) திருப்புங்கள். எக்ஸ்எம்4ல் சார்ஜர் இல்லாமல், அணைத்த நிலையில், பவர் பொத்தானையும் கஸ்டம் பொத்தானையும் 7 நொடிக்கு மேல் சேர்த்துப் பிடித்தால் நீல விளக்கு நான்கு முறை சிமிட்டும். மேக்ஸில் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டபின் நாய்ஸ் பொத்தானையும் கிரவுன் என்ற திருகும் பொத்தானையும் 15 நொடி பிடித்தால் விளக்கு ஆரஞ்சிலிருந்து வெள்ளைக்கு மாறும்.

ஆப் ஹெட்போனை அடையாளமே காணவில்லை, சோனி என்று சொல்லியும் ஆண்ட்ராய்டில் எல்டிஏசி பட்டியலில் இல்லை, விலையும் பாதியாகத்தான் இருந்தது என்றால் கையில் இருப்பது போலி. ரிப்பேர் பற்றி யோசிக்காமல் விற்றவரைப் பிடியுங்கள்.

## யாரிடம் கொடுப்பது

வாரண்டி இருந்தால் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் மட்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா கொண்டுவந்தது என்றால், பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும்; போவதற்கு முன் சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு அங்கே போனதும் ஒளிந்துகொள்ளும், ஆகவே வீட்டிலேயே அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் போனில் வந்தது, ஒயரில் வந்ததா, ஆலை நிலைக்குத் திருப்பியாகிவிட்டதா என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால் "ரீசெட் செய்து பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

வாரண்டி முடிந்திருந்தால் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பேட்டரி, குஷன், கீலில் அறுந்த ஒயர் மூன்றையும் தைரியமாகக் கொடுக்கலாம், சம்மதிக்கும் முன் விலை கேட்டுக்கொண்டு. நாய்ஸ் கேன்சலிங் மைக்கையோ போர்டையோ அங்கே கொடுக்காதீர்கள். திரும்பி வரும்போது ஒலி வரும், இரைச்சல் அடங்காது.

ரிட்டர்ன் நாளுக்குள் சொல்லியும் கடை இழுத்தடித்தால் பில்லோடும் வீடியோவோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.